நம் வீட்டுக் கிணற்றுக்கு யார் சாட்சி? – குடிநீர்ப் பரிசோதனையும் சட்டமும்

வல்லக்கோட்டை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முருகன் கோயிலும் அதன் வஜ்ர தீர்த்தமும்தான். அக்கோயிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் சிப்காட் தொழிற்பூங்காக்கள் இயங்குகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் வண்ணப்பூச்சு, உலோக முலாம், உதிரிபாகம், மின்னணு எனத் துணைத்தொழில்கள் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே நிரம்பின. சட்ட உதவிப் பணிக்காக இப்பகுதியின் காலனிகளுக்குச் செல்லும்போது, பட்டா, வழக்கு, ஒப்பந்தக் கூலி பற்றிய பேச்செல்லாம் முடிந்தபின் எழும் கேள்வி ஒன்றுண்டு. கைக்குழந்தையுடன் நின்ற ஒரு தாய் அதை எங்களிடம் நேராகவே கேட்டார்: “எங்க போர் தண்ணியில பால் பவுடர் கரைச்சு இவனுக்குக் குடுக்கலாமாங்க?”

எங்களிடம் விடை இல்லை. ஊராட்சியிடமும் இல்லை. அவரது கிணற்று நீர் ஒருமுறைகூடச் சோதிக்கப்பட்டதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாதிரி எடுப்பது தான் தேர்ந்தெடுத்த கண்காணிப்புக் கிணறுகளில் மட்டும்தான். குடிநீர் வடிகால் வாரியமும் ஊராட்சியும் சோதிப்பது பொது ஆதாரங்களை. வீட்டு மனைக்குள் நாமே கடன் வாங்கித் தோண்டிய ஆழ்துளைக் கிணறு நடைமுறையில் எவருடைய கடமைக்குள்ளும் வருவதில்லை.

சொந்தக் கிணறு நம் மக்களுக்கு வெறும் வசதியன்று. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன், இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1927 மார்ச் 20 அன்று மகாத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். சாதி இந்துக்கள் அக்குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றித் ‘தூய்மைப்படுத்தினார்கள்’. அக்குளத்தின் மீதான உரிமை வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937இல்தான் முடிவுக்கு வந்தது. இந்த வரலாற்றுக்குப் பிறகு, எவர் வாசலிலும் குடத்துடன் காத்திராமல் தன் வீட்டு மோட்டாரைப் போட்டு நீர் பிடிப்பது ஒரு விடுதலை. அந்த நீரைச் சந்தேகிக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். “நாப்பது வருசமா குடிக்கிறோம், ஒண்ணும் ஆவல” என்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் முப்பதடிக் கிணற்றில் ஊறிய நீரும் இன்று முந்நூறடிக் குழாயில் வரும் நீரும் ஒன்றல்ல என்பதைப் பொறுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சந்தேகம் யார் மீது?

தொழிற்சாலைப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிவதால் பழியை முதலில் அதன்மீது போடத் தோன்றும். வழக்கறிஞர்களாகிய நாங்களும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம். ஆனால் காலனிக் கிணறுகளில் முதலில் தேட வேண்டியது மலக்கழிவின் தடயத்தை. ஒதுக்கப்பட்ட மனை இரண்டு, மூன்று சென்ட். அதற்குள்ளேயே வீடு, கழிப்பறைக்குழி, ஆழ்துளைக் கிணறு. அடுத்த மனையில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட லைன் வீடுகள். பத்துப் பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்கை நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள். காலனி பெரும்பாலும் ஊரின் பள்ளமான பக்கத்தில்தான் அமைந்திருக்கும். மேட்டிலிருந்து வடியும் அனைத்தும் அங்கேதான் தேங்கும். இந்தப் புவியியலைச் சாதிதான் வரைந்தது. அதன் விளைவை இரண்டு எளிய சோதனைகள் காட்டிவிடும். ஒன்று ஈ.கோலை நுண்ணுயிரி, மற்றொன்று நைட்ரேட்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தால் போகாது; நீர் ஆவியாகக் குறையும்போது அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். நுண்ணுயிரிக்கு அஞ்சி நீரைக் காய்ச்சும் தாய், நைட்ரேட் விஷயத்தில் தன்னை அறியாமல் தீங்கைக் கூட்டக்கூடும். ஆகவே அந்தத் தாயின் கேள்வி மிகச் சரியான கேள்வி. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டுத் தர அறிக்கையில், நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரியில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. மீறல் அதிகமிருந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இங்கே மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் மீறல் இருந்தது.

சோதனை எங்கே, எதற்கு?

குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் ஆய்வகங்களை நடத்துகிறது. கட்டணம் செலுத்தித் தனிநபரும் மாதிரி கொடுக்கலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதல்களும், இத்தகைய ஆய்வகங்கள் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கின்றன. சென்னை கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் பொது சுகாதாரத் துறையின் நீர்ப் பகுப்பாய்வகம் உள்ளது. தனியார் ஆய்வகத்துக்குப் போவதாயின் அதற்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நாம் கேட்கும் குறிப்பிட்ட சோதனைக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

அதே திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப்பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்த ஐவர் யார், அவர்களுள் காலனிப் பெண்கள் எத்தனை பேர், பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பவை கிராம சபையில் கேட்கத்தக்க கேள்விகள். கார அமிலத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றை அப்பெட்டி தோராயமாகச் சொல்லிவிடும். நுண்ணுயிரிக்கான சிறு குப்பியில் நீரை ஊற்றி வைத்தால், மாசு இருக்குமாயின் ஓரிரு நாளில் கருத்துவிடும். நீதிமன்றத்துக்கு இது போதாது. எந்தக் கிணற்றை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவுசெய்ய இதுவே போதும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். கருவியை நம்பி ஏமாறுவோர் பலர். அது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே ஊகிக்கிறது. டி.டி.எஸ். 300 என்று காட்டும் நீரில் ஈயமும் இருக்கலாம், மலக்கிருமியும் இருக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் இரண்டு தம்ளர்களில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். நம் வீட்டு நீர் செம்மண் நிறத்தில் குழம்பும், அவருடைய நீர் தெளிவாகவே நிற்கும். குழம்புவது நம் நீரின் அழுக்கன்று. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் அவருடைய இரும்புக்கம்பியே அரித்து உதிர்கிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் பாயாததால் ஒன்றும் நிகழ்வதில்லை. இந்த வித்தையைப் பார்த்துவிட்டு மாதத்தவணையில் இயந்திரம் வாங்கிய குடும்பங்களைக் காலனிகளில் சந்தித்திருக்கிறோம்.

ஆய்வகங்களில் ‘குடிநீர்ச் சோதனை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் வழக்கமான உப்புகளையும் கடினத்தன்மையையும் பார்த்துத் தருவார்கள். கன உலோகங்களைக் கேட்டால்தான் சோதிப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம். வாகனத் தொழில் சூழ்ந்த பகுதியில் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றை எழுதியே கேட்க வேண்டும். முலாம் பூசும் பட்டறை அருகிலிருந்தால் அறுமதிப்புக் குரோமியத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். எண்ணெய் வாடையோ சாயவாடையோ அடித்தால் எண்ணெய்ப் பசை, கரிமக் கரைப்பான்கள் ஆகியவற்றுக்கான சோதனையையும் கேட்கலாம். ஒவ்வொரு வீடும் இத்தனை செலவு செய்ய முடியாது. தெருவின் மேட்டுப்பக்கம், நடு, பள்ளப்பக்கம் என மூன்று கிணறுகளைத் தேர்ந்து, பத்து வீடுகள் பணம் சேர்த்து முழுச்சோதனை செய்வதே நாங்கள் பரிந்துரைக்கும் வழி. மூன்று இடங்களின் எண்களை ஒப்பிடும்போது மாசு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற முதல் குறிப்பும் கிடைத்துவிடும்.

பாட்டிலில் தொடங்கும் வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கையிலிருந்த ஒரு விவகாரத்தில் (இடத்தையும் எதிர்த்தரப்பையும் இங்கே குறிப்பிடவில்லை) ஆய்வறிக்கை மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் மாதிரியை எடுத்த இளைஞர் அதைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் வண்டிப்பெட்டியில் வைத்திருந்து கொடுத்திருந்தார். எந்தக் கிணறு, எத்தனை மணி, யார் எடுத்தது என்று அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தத் தாள் பயனற்றதாகிவிட்டது. அவருக்கு முன்கூட்டியே சொல்லித்தராதது எங்கள் பிழை. அதனால்தான் இப்பகுதியை விரிவாகவே எழுதுகிறோம்.

நுண்ணுயிரிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகமே கிருமிநீக்கம் செய்து தரும். அதைக் கழுவக்கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது. மோட்டாரை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறியபின், தொட்டியிலிருந்து அல்லாமல் நேராகக் குழாய்வாயிலிருந்தே பிடிக்க வேண்டும். இரும்புக் குழாயாயின் வாயைச் சுடரால் சுட்டபின் பிடிப்பது முறை. கொஞ்சம் காலியிடம் விட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டிய மாதிரி நம்பத்தக்கதன்று. உப்புச் சோதனைக்கு இரண்டு லிட்டர் அளவுள்ள சுத்தமான பிளாஸ்டிக் கேன் வேண்டும். இதை மட்டும் அதே நீரில் மூன்றுமுறை அலசி, விளிம்புவரை நிரப்பலாம். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் அமிலம் சேர்க்க வேண்டியிருப்பதால் அதையும் ஆய்வகத்திடமிருந்தே பெற வேண்டும். திறந்த கிணறாயின் மேல்மட்ட நீரை மொள்ளாமல், ஓரடி ஆழத்துக்குக் கீழிருந்து எடுக்க வேண்டும்.

சட்டத்துக்கான பகுதி இனிமேல்தான். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வாரிய அலுவலர் ஆலைக் கழிவுநீரில் மாதிரி எடுக்கும்போது அறிவிப்புத் தரவேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரையிட்டு இருதரப்பும் கையொப்பமிட வேண்டும் என்கிறது. இவை பின்பற்றப்படாவிட்டால் அரசின் சொந்த முடிவே சாட்சியமாகாது. வாரியத்துக்கே இந்நிலை எனில் நம் பாட்டிலை எவர் மதிப்பார்? அதே ஒழுங்கை நாமும் கைக்கொள்வது நல்லது. இரண்டு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், கிணற்றின் ஆழம், மனை எண், எடுத்தவருடன் குடும்பத்தைச் சேராத இருவரின் கையொப்பம், நிகழ்வின் ஒளிப்படம். படம் எடுத்த கைபேசி யாருடையது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு அது தேவைப்படும். ஆய்வகம் தரும் மாதிரிப் பெறுகைச் சீட்டை அறிக்கையோடு சேர்த்தே வைத்திருங்கள்.

அறிக்கையின் இரண்டாம் பத்தி

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, இரண்டு பத்திகளில் வரம்புகளைத் தருகிறது. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, ‘வேறு ஆதாரம் இல்லாத நிலையில்’ பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. டி.டி.எஸ். முதல் பத்தியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரண்டாவதில் 2,000. மொத்தக் கடினத்தன்மை 200, இரண்டாவதில் 600. குளோரைடு 250, இரண்டாவதில் 1,000. ஃபுளோரைடு 1.0, இரண்டாவதில் 1.5. ஆனால் நைட்ரேட் 45, ஈயம் 0.01, காட்மியம் 0.003, மொத்தக் குரோமியம் 0.05 ஆகியவற்றுக்கு இரண்டாம் பத்தியில் தளர்வே கிடையாது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. (அறிக்கையில் நைட்ரேட் ‘நைட்ரஜனாக’க் கணக்கிடப்பட்டிருந்தால் 45க்கு இணையான எண் ஏறத்தாழ 10, இதைக் கவனிக்காமல் 12 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் உண்டு.)

அந்த இரண்டாம் பத்தியில்தான் நம் வழக்கு இருக்கிறது. டி.டி.எஸ். 1,800 உள்ள நீருக்கு ‘குடிக்கத்தக்கது’ என்று முத்திரை குத்தித் தருவது இப்பத்தியின் துணையால்தான். வேறு ஆதாரம் இல்லாதவர் யார்? கூட்டுக்குடிநீர்த் திட்டக் குழாய் ஊர்த்தெருவரை வந்து காலனிக்கு முன் நின்றுவிட்டால், அங்கே ஆதாரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆதாரம் இருக்கிறது, நமக்குத் தரப்படவில்லை. அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கிணறு, குளம் முதலியவற்றைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. மாசற்ற நீர் 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், இரண்டாம் பத்தியைக் காட்டி அதிகாரிகள் கைகழுவுவதை எதிர்க்க முடியும் என்பது எங்கள் கருத்து. அதற்கு நாம் கையில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: கிணற்று நீரின் அறிக்கை, ஊர்த்தெருக் குழாய் நீரின் அறிக்கை. இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் குழப்பம் நிலவுகிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 279ஆம் பிரிவு பொது ஊற்றையோ பொது நீர்த்தேக்கத்தையோ மாசுபடுத்துவதைத்தான் தண்டிக்கிறது. வீட்டுக் கிணறு அதற்குள் அடங்காது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எக்ஸ்) கூறில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் எந்த நீராதாரத்தையும் கெடுப்பது குற்றம். அங்கே பொது, தனியார் என்ற பிரிவினை இல்லை. எனினும், தொழிற்சாலைக் கழிவுக்கு இதைப் பொருத்துவது எளிதன்று. மாசுபடுத்தியவர் இன்னார் என்பதையும் அவர் பட்டியலினத்தைச் சாராதவர் என்பதையும் மெய்ப்பித்தாக வேண்டும். கழிவைக் கிணற்றிலோ நிலத்திலோ விடுவதை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடைசெய்கிறது. இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வே உரிய இடம். அங்கே கால வரம்பு கடுமையானது. 14ஆம் பிரிவின்படி பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். 15ஆம் பிரிவின்படி இழப்பீடு கோர ஐந்தாண்டு. இரண்டிலும் போதிய காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். அறிக்கை கைக்கு வந்தபின் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது நம் உரிமையையும் சேர்த்துப் பூட்டுவதாகும்.

கிணறுகளின் கணக்கெடுப்பு நீதிமன்றத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கை எடுத்துக்காட்டியது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாடும், தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலை முதலாளியுடையது என்ற நிலைப்பாடும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பினால்தான். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் 2004 முதல் ஊர்மக்களே பயிற்சி பெற்றுக் காற்று மாதிரிகளைத் தம் கையால் எடுத்தார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று இது.

மாறாக, சாட்சியம் நம் கையில் இல்லாதபோது என்ன நிகழும் என்பதை வேங்கைவயல் காட்டியது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அக்குடியிருப்பில் குழந்தைகள் நோயுற்ற பிறகே மேல்நிலைத் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், மலம் கலக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகளாக்கியது; அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நீரைக் குடித்தவர்களே மரபணுச் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள் என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்கிறோம்.

அறிக்கை மோசமாக வந்தால்

ஈ.கோலை மட்டும் இருந்தால் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். கிணற்றுக்குக் குளோரின் இடலாம். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பது கணக்கு. மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள திறந்த கிணற்றில் ஏறத்தாழ 28,000 லிட்டர் இருக்கும். 70 கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிநீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். கழிப்பறைக்குழி இருக்குமிடத்திலேயே இருந்தால் இது சில நாள் தீர்வுதான். நைட்ரேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் உலோகங்களுக்கும் கொதிநீரும் குளோரினும் உதவா. அந்நீரைத் துவைக்கவும் கழுவவும் ஒதுக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் மாற்று நீர் கேட்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். உலோகம் வரம்பை மீறினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அறிக்கையை இணைத்து எழுதி, வாரியமே மாதிரி எடுக்கக் கோர வேண்டும். அருகிலுள்ள ஆலைகளின் இசைவாணை நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது எழும் தயக்கத்தை நாங்கள் அறிவோம். அந்த ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்போர் நம் பிள்ளைகள்தாம். மனுவில் தந்தையின் பெயர் இருந்தால் மகனின் அடையாள அட்டை புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. லைன் வீடு வைத்திருப்போர் வாடகை விழுமே என அஞ்சுகிறார்கள். தனி வீட்டின் பெயரில் மனு வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். உலக நீர் நாளான மார்ச் 22 இப்போது தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்று. அறிக்கைகளை அன்று சபையில் வைத்துத் தீர்மானமாக்கினால், முறையிடுவது ஊராட்சி. எந்தக் குடும்பமும் தனித்து நிற்காது. தீர்மானப் பதிவேட்டில் எண்கள் எழுதப்படுவதைப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.

பால் பவுடர் பற்றிக் கேட்ட அந்தத் தாயின் தெருவில் மூன்று கிணறுகளைத் தேர்ந்திருக்கிறோம். முதல் மாதிரி கோடையில், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது. இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரியில். அதுவரை குழந்தைக்கு வேண்டிய நீரை ஊர்த்தெருக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அங்கே எவரேனும் தடுத்தால் எங்களை அழைக்கும்படியும் சொல்லியிருக்கிறோம்.